வாக்கியம் முடிந்தால் நிறுத்துங்கள்: கூட்டத்தில் பேசுவது பற்றி வாசகர் கேள்விகள்

பிரசன்டேஷன் கொடுக்கும்போதும் கூட்டத்தில் பேசும்போதும் உங்களுக்கு என்ன சிக்கல் வருகிறது என்று போன இதழில் கேட்டிருந்தோம். திருப்பூர், ஈரோடு, கோபி, தாராபுரம் என்று நம் பக்கமிருந்து நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி: எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். பையிங் ஆபீஸோடு வாராவாரம் மீட்டிங். ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று நான்தான் சொல்ல வேண்டும். "பார்த்தீங்கன்னா", "பேசிக்கலி", "ஆக்சுவலி" இல்லாமல் எனக்கு ஒரு வாக்கியம்கூட வருவதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் எண்ணிச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள். எப்படி விடுவது?

முதலில், இதை ஒரு வியாதியாக நினைக்காதீர்கள். 'ம்', 'வந்து', 'பார்த்தீங்கன்னா' எல்லாம் பேச்சில் ஒரு வேலை செய்கின்றன. "நான் இன்னும் முடிக்கவில்லை, நடுவில் வராதீர்கள்" என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிவிக்கின்றன. ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-ல் ஆங்கிலப் பேச்சுப் பதிவுகளை வைத்து இதைத்தான் காட்டினார்கள்: 'அ' என்று இழுத்தால் அடுத்த சொல் வரச் சின்னத் தாமதம், 'அம்' என்று இழுத்தால் கொஞ்சம் பெரிய தாமதம் என்று. பேக்கரியில் நாலு பேர் நின்று டீ குடித்துக்கொண்டு பேசும்போது இதெல்லாம் தேவைதான். ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் ஆரம்பிப்பதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அவ்வளவு சின்னது. பத்து மொழிகளில் அளந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் அது சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்தது. கொஞ்சம் அசந்தால் பேச்சு அடுத்தவர் வாய்க்குப் போய்விடும், அதனால் நாம் எதையாவது சொல்லி நம் முறையைப் பிடித்து வைத்துக்கொள்கிறோம்.

ஆனால் உங்கள் மீட்டிங்கில் அந்தப் பயமே வேண்டியதில்லை. பேச வேண்டியது நீங்கள், எல்லோரும் கேட்பதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். அங்கே போயும் காவல் காக்கிற பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான்.

அதனால் அந்தச் சொற்களோடு சண்டை போடாதீர்கள். "பார்த்தீங்கன்னா சொல்லக் கூடாது, பார்த்தீங்கன்னா சொல்லக் கூடாது" என்று நினைத்துக்கொண்டே பேசினால் அதுதான் முதலில் வாயில் வந்து நிற்கும். வாக்கியத்தை முடிக்கப் பழகுங்கள். நான் கேட்ட மீட்டிங்குகளில் பேச்சு அநேகமாக இப்படித்தான் போகும்: "ஸோ பேசிக்கலி, பார்த்தீங்கன்னா நேவிக்கு லேப் டிப் அப்ரூவ் ஆயிருச்சுங்க, ஆனா ஆக்சுவலி துணியில ஷேட் கொஞ்சம் லைட்டா வந்துருச்சு, ஸோ பார்த்தீங்கன்னா மறுபடி டையிங்குக்கு அனுப்பியிருக்கோம், அதனால கட்டிங் வந்து பேசிக்கலி..." (லேப் டிப் என்பது துணிக்குச் சாயம் போடும் முன் ஒப்புதலுக்குக் காட்டுகிற நிற மாதிரி.) நாலு தகவல், ஒரே வாக்கியம். எங்கேயும் முடியவில்லை. 'ஆனா', 'ஸோ', 'அதனால' என்று ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டே போகிறது. கேட்கிறவருக்கு எது முடிந்துபோன விஷயம், எது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிற விஷயம் என்று பிரிக்கத் தெரியாது. அப்புறம் அவர் எல்லாவற்றையும் மறுபடி கேட்பார், நீங்கள் மறுபடி சொல்வீர்கள்.

அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள். "நேவிக்கு லேப் டிப் அப்ரூவ் ஆகிவிட்டது." நிறுத்துங்கள், மூச்சு விடுங்கள். "துணியில் ஷேட் லைட்டாக வந்திருக்கிறது." நிறுத்துங்கள். "மறுபடி டையிங்குக்கு அனுப்பியிருக்கிறோம், வியாழக்கிழமை வரும்." நிறுத்துங்கள். "வெள்ளிக்கிழமை கட்டிங். ஷிப்மென்ட் தேதி மாறாது." இதில் 'பார்த்தீங்கன்னா' நுழைவதற்கு இடமே இல்லை, கவனித்தீர்களா? அந்தச் சொல் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கிற சந்தில்தான் குடியிருக்கும். நீங்கள் அந்த இடத்தை மௌனத்துக்குக் கொடுத்துவிட்டால் அதற்கு வேலை இல்லை. நின்று பேசும்போது ஒரு நொடி மௌனம் உங்களுக்கு ஒரு யுகமாகத் தெரியும். கேட்கிறவருக்கு அது சொன்னதை வாங்கிக்கொள்ள வேண்டிய நேரம். அவருக்கு அது போதவே போதாது என்றுகூடச் சொல்வேன்.

பழகுவதற்கு: மீட்டிங்குக்கு முன்னால் சொல்ல வேண்டியதை ஒரு வரிக்கு ஒரு தகவலாகப் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் ரெக்கார்ட் போட்டுவிட்டு ஒரு தடவை சத்தமாகச் சொல்லுங்கள். கேட்கும்போது "ஐயோ, என் குரலா இது" என்று தோன்றும், எல்லோருக்கும் அப்படித்தான். நாம் பேசும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் காதுக்குப் போகிறது, அதில் கீழ்ச்சுருதி கூடுதலாகக் கேட்கும். ரெக்கார்டிங்கில் காற்று வழியாக வருவது மட்டும்தான் இருக்கும், அதனால் மெலிந்து கேட்கிறது. மற்றவர்கள் எப்போதும் கேட்பது அந்தக் குரலைத்தான், அவர்களுக்கு அதில் எந்தக் குறையும் தெரிவதில்லை. அதைத் தாண்டிவிட்டு, ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்து எண்ணுங்கள். இந்த மாதம் 'பார்த்தீங்கன்னா', அடுத்த மாதம் 'பேசிக்கலி'. எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தப் போனால் வாயே திறக்க முடியாது.

கிண்டல் செய்கிறவர்களைப் பற்றி ஒன்று. எண்ணுவது நல்ல பயிற்சிதான். 1924-ல் கலிபோர்னியாவில் ஆரம்பித்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்களில் இந்த மாதிரி ஒட்டுச் சொற்களை எண்ணுவதற்கென்றே ஒருவரை ஒவ்வொரு கூட்டத்திலும் உட்கார வைக்கிறார்கள். கோவையிலும் அந்தச் சங்கங்கள் இருக்கின்றன, ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆனால் அங்கே எண்ணிக்கையைச் சொல்வது பேசியவர் கேட்டுக்கொண்டதால், கூட்டத்தின் கடைசியில், மரியாதையாக. உங்கள் ஆபீஸில் நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் அப்படிக் கேளுங்கள். மற்றவர்களிடம் "வேண்டாம், அது எனக்கு உதவவில்லை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஒருவரைப் பேச்சுப் பழகவிடாமல் செய்கிற முதல் காரணம் கூட இருப்பவர்களின் சிரிப்புதான், இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரி மாணவர்: கடைசி வருடம். புராஜெக்ட் ரிவ்யூவில் நின்றால் குரல் நடுங்குகிறது. லேசர் பாயின்டர் புள்ளி திரையில் ஆடிக்கொண்டே இருக்கிறது. நான் பயப்படுவது முன்னால் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

தம்பி, நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தெரிவதில்லை. இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பேசியவர்கள் தங்கள் பதற்றம் எவ்வளவு வெளியே தெரிந்தது என்று போட்ட மதிப்பெண், கேட்டவர்கள் போட்டதைவிடக் கூடுதலாக இருந்தது. "உள்ளே இருக்கிற பதற்றம் வெளியே அவ்வளவாகத் தெரியாது" என்று பேசுவதற்கு முன்னாலேயே சொல்லி அனுப்பப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்பதும் அதில் வந்தது. பயம் தெரிந்துவிடுமோ என்கிற பயம்தான் பாதி நடுக்கம். அதனால் இதைப் படித்ததையே உங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சு படபடப்பது, வாய் வறண்டுபோவது, கை நடுங்குவது எல்லாம் அட்ரினலின் வேலை. "அமைதியாக இரு, அமைதியாக இரு" என்று சொல்லி அதை அடக்க முடியாது. ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் செய்து 2014-ல் வெளியான சோதனைகளில், பேசுவதற்கு முன்னால் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். உடம்பு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் துடிக்கிறது, பெயரை மாற்றுவது சுலபம்.

லேசர் பாயின்டரைக் கையிலேயே எடுக்காதீர்கள். கையில் இருக்கிற துளி நடுக்கத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுகிற சாதனம் அது. காட்ட வேண்டிய இடத்தில் ஸ்லைடிலேயே ஒரு வட்டம் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் திரைக்குப் பக்கத்தில் போய்க் கையால் காட்டுங்கள். ஒற்றைப் பேப்பரும் அப்படித்தான், நடுங்கினால் சத்தம் வேறு போடும், கெட்டி அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

கையைப் பொறுத்தவரை, முழங்கை மடங்கி இடுப்புக்கு மேலே ஒரு கை இன்னொரு கையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். பேச ஆரம்பித்ததும் அதுவே பிரிந்து அசையும், விட்டுவிடுங்கள். தயவுசெய்து ஐ.டி. கார்டு கயிற்றை விரலில் சுற்றாதீர்கள். ரிவ்யூக்களில் நான் பார்க்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் செய்வது அதைத்தான். மேடையேறும் முன் கழற்றிப் பையில் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. பேனாவை டிக் டிக் என்று அமுக்குகிறவர்கள் பேனாவையும் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற மாதிரி மனப்பாடம் செய்யுங்கள். மீதியை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு வரி மறந்தால் எல்லாம் மறந்துவிடும். கேள்வி கேட்டால் கேட்டு முடிக்கும்வரை பொறுங்கள். பாதியிலேயே "யெஸ் சார், யெஸ் சார்" என்று தலையாட்டுவதால் கேள்வியே காதில் விழுவதில்லை. தெரியாததற்கு "அதைப் பார்க்கவில்லை சார், பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். அதற்குப் பிறகு இழுக்கிற ஒவ்வொரு வார்த்தையிலும் மார்க் போகும்.

கோபியிலிருந்து வந்து கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் வாசகி: நான் பேசினாலே "கோபி பஸ் வந்துருச்சு" என்கிறார்கள். 'ங்க' போட்டு இழுத்துப் பேசுகிறேனாம். சென்னை டீமுக்கும் வெளிநாட்டு கிளையன்டுக்கும் பிரசன்டேஷன் கொடுக்க வேண்டியிருக்கிறது. என் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். உங்கள் ஊர்ப் பேச்சு ஒரு குறை அல்ல, அதைத் திருத்துவதற்கு யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் சின்னப் பையனாக இருந்தாலும் 'வாங்க, சொல்லுங்க' என்று கூப்பிடுகிற பழக்கம் ஒரு கூட்டத்தில் எவ்வளவு பெரிய சொத்து என்று, அது இல்லாத இடத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கஷ்டப்பட்டு வேறு ஊர்ப் பேச்சைப் போட்டுக்கொண்டால் பாதி மூளை உச்சரிப்பைக் காவல் காக்கப் போய்விடும், விஷயத்துக்கு மீதிப் பாதிதான் மிஞ்சும்.

ஆனால் ஊர்ப் பேச்சு வேறு, காதில் விழாத பேச்சு வேறு. இரண்டாவதை நீங்கள் கவனித்தே ஆக வேண்டும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ஆச்சா, ஆகவில்லையா, செய்வோமா, செய்ய மாட்டோமா என்பதெல்லாம் வாக்கியத்தின் கடைசி நாலைந்து எழுத்தில்தான் இருக்கிறது. "டெஸ்டிங் எல்லாம் முடிஞ்சுதுங்க", "டெஸ்டிங் எல்லாம் முடியலீங்க". நாம் என்ன செய்கிறோம்? மூச்சு தீர்ந்துபோய், கடைசியில் வருகிற அந்த எழுத்துகளைத்தான் விழுங்குகிறோம். 'டெஸ்டிங் எல்லாம் முடி...' வரைக்கும் நன்றாகக் கேட்கும், அதற்கப்புறம் ஒரு முனகல். மேனேஜர் பாவம், முகத்தைப் பார்த்துக் குறிப்பறிய வேண்டியிருக்கிறது. போனில் அந்த முகமும் கிடையாது. இதற்கு வைத்தியம் சத்தமாகப் பேசுவது இல்லை, மூச்சு மிச்சம் வைத்துக்கொண்டு பேசுவது. வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள், கடைசிச் சொல்லுக்கு முழு மூச்சு கொடுங்கள், பிறகு நிறுத்துங்கள். திருப்பூர் வாசகிக்குச் சொன்ன அதே மருந்துதான், இங்கே வேறு நோய்க்கு.

வெளிநாட்டு கிளையன்டிடம் இன்னும் இரண்டு விஷயம். ஆங்கிலத்தில் 'தர்ட்டீன்', 'தர்ட்டி' போன்ற எண்கள் நம் வாயில் ஒன்றாகவே விழும், அதனால் "தர்ட்டீன், ஒன் த்ரீ" என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம் தலை. நாம் 'சரி, புரிகிறது' என்பதற்கு ஆட்டுகிற ஆட்டு, பழகாத வெள்ளைக்காரர்களுக்கு 'இல்லை' என்றோ 'யோசிக்க வேண்டும்' என்றோ தெரியும். தலையை ஆட்டுவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். கூடவே 'யெஸ்' என்று வாயால் சொல்லிவிட்டால் போதும்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் விற்பனைக் குழுவுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. நாம் சொல்லும் வார்த்தைகளுக்கு 7 சதவீத மதிப்புதான், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று சொன்னார்கள். மீட்டிங்குக்கு முன்னால் இரண்டு நிமிடம் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றால் தைரியம் வரும் என்றும் சொன்னார்கள். உண்மையா?

அந்த 7–38–55 கணக்கு பயிற்சி வகுப்புகளில் விடாமல் சொல்லப்படுகிறது, அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் பேராசிரியர் 1967-ல் வெளியிட்ட இரண்டு சோதனைகளின் முடிவைச் சேர்த்து வந்த எண்கள் அவை. அந்தச் சோதனைகளில் யாரும் பேருரை நிகழ்த்தவில்லை. ஒற்றை ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லி ரெக்கார்ட் செய்து, ஒரு சோதனையில் முகத்தின் புகைப்படங்களையும் சேர்த்துக் காட்டி, "இவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா, பிடிக்கவில்லையா" என்று கேட்டார்கள். சொல் ஒன்றும் முகம் வேறொன்றும் சொன்னால் எதை நம்புவோம் என்பதுதான் அங்கே கேள்வி. பிடிப்பு, வெறுப்பு போன்ற உணர்ச்சிகளைப் பேசும் இடத்தைத் தவிர வேறெங்கும் அந்தச் சூத்திரம் பொருந்தாது என்று மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார். உங்கள் ஊர் மஞ்சள் மார்க்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். குவிண்டால் என்ன விலை என்று கேட்கிற விவசாயிக்கு உங்கள் புன்னகையிலிருந்து 55 சதவீத பதில் கிடைத்துவிடுமா? விலை வார்த்தையில்தான் இருக்கிறது, முழுசாக.

இடுப்பில் கை வைத்து நிற்கிற விஷயத்தின் கதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2010-ல் வந்த ஓர் ஆய்வு, அந்த மாதிரி உடம்பை விரித்து வைத்த நிலைகளில் இரண்டு நிமிடம் இருந்தால் உடம்பில் ஹார்மோன்களே மாறும் என்றது. 2015-ல் வேறொரு குழு 200 பேரை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தது, ஹார்மோன் மாறவில்லை. அப்படி இருந்தவர்களுக்குத் தெம்பாக இருக்கிற மாதிரி ஓர் எண்ணம் வந்தது, அவ்வளவுதான். முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னி, அந்த விளைவு உண்மை என்று தான் இப்போது நம்பவில்லை என்று 2016-ல் வெளிப்படையாகவே எழுதினார். அப்படித் தன் ஆய்வைத் தானே மறுப்பதற்கு நேர்மை வேண்டும், அவர் மேல் எனக்கு அதனால் மரியாதை கூடியது. நின்றால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் அந்த நேரத்தில் ஹாலுக்குப் போய் புரொஜெக்டர் வேலை செய்கிறதா, கடைசி வரிசைக்குக் குரல் கேட்கிறதா என்று பார்த்தால் வருகிற தைரியம் நிஜமானது.

உடல்மொழியே முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. முக்கியமானது கண். ஒரு வாக்கியம் முழுவதையும் ஒரே ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள், முடிந்ததும் நிறுத்தி, அடுத்த வாக்கியத்துக்கு வேறு ஆளிடம் போங்கள். அறை முழுக்கக் கண்ணைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் நீங்கள் யாரோடும் பேசவில்லை என்றுதான் அர்த்தம். முகம் வாடிப்போய் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவரையே பார்த்துப் பேசிக் கலங்க வேண்டாம். அவருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ, யாருக்குத் தெரியும்.

கோவை கணபதியிலிருந்து ஒரு வாசகர்: சின்ன அளவில் பம்ப் செட் தயாரிக்கிறோம். டீலர் மீட்டிங்கில் ஸ்லைடைப் பார்த்துத் திரும்பி நின்று அப்படியே படித்துவிடுகிறேன்.

ஸ்லைடில் முழு வாக்கியம் இருந்தால் யாராக இருந்தாலும் படிக்கத்தான் செய்வார்கள். வாக்கியங்களை எடுத்துவிட்டுப் படமும் எண்ணும் மட்டும் வையுங்கள். எத்தனை அடி ஹெட் (தண்ணீர் ஏறும் உயரம்), நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், வாரன்டி எத்தனை மாதம், டீலருக்கு வேண்டியது இவ்வளவுதான். லேப்டாப்பை உங்களுக்கு எதிரில் வையுங்கள், அதே படம் அதிலும் தெரியும், திரும்ப வேண்டியிருக்காது. பவர்பாயின்டில் ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் 'பி' (B) என்ற ஆங்கில எழுத்தை அமுக்கினால் திரை கறுப்பாகிவிடும், மறுபடி அமுக்கினால் வந்துவிடும். திரையைக் கறுப்பாக்கிவிட்டு, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற புது இம்பெல்லரைக் கையில் எடுத்து, நாலு பேர் கையில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். உங்கள் கைக்கும் வேலை, அவர்கள் கைக்கும் வேலை. நீங்கள் தினமும் தொழிலாளியிடம் பேசுகிற பேச்சு தானாக வந்துவிடும்.

சத்தியமங்கலத்திலிருந்து ஒரு வாசகி: மகளிர் குழுத் தலைவியாக இருக்கிறேன். பேங்க் மேனேஜர் வரும் கூட்டத்தில் பேசும்போது முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருக்கிறேன் என்று மகள் சொல்கிறாள்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குழுவின் கணக்கு நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். அதைத் திறந்து வைத்து, சேமிப்பு இவ்வளவு, கடன் வாங்கியது இவ்வளவு, கட்டியது இவ்வளவு என்று விரல் வைத்துச் சொல்லுங்கள். தவணை தவறாமல் கட்டிய குழுவுக்காகப் பேசுகிறவர் நீங்கள், கெஞ்ச வேண்டிய இடத்தில் நீங்கள் இல்லை. "தப்பா நினைச்சுக்காதீங்க சார்", "ஒண்ணும் தெரியாதவங்க நாங்க" என்று ஆரம்பிக்கிற பழக்கம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

தாராபுரம் பக்கம் ஒரு விவசாயி: பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) கடைமடையில் எங்கள் காடு. கலெக்டர் ஆபீஸில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறேன். மைக் கைக்கு வந்ததும் கோபம் வந்து சத்தம் போட்டுவிடுகிறேன். சொல்ல வந்ததே விட்டுப்போகிறது. பக்கத்தில் இருப்பவர் சட்டையைப் பிடித்து உட்கார வைக்கிறார்.

ஐயா, கோபப்படாதீர்கள் என்று கடைமடைக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் பாசன மண்டலத்துக்கு முறை வந்து, தண்ணீர் திறந்து, அது மேலேயே நின்றுபோய், காய்கிற பயிரைப் பார்த்துவிட்டு வந்தவருக்குக் கோபம் வராமல் என்ன வரும்? ஆனால் அங்கே உங்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். கோபத்தின் கதையை முதலில் சொன்னால் கோரிக்கைக்கு நேரம் இல்லாமல் போகிறது. அதிகாரியும் "சரிங்க, பார்க்கிறோம்" என்று அடுத்தவருக்குப் போய்விடுகிறார்.

வரிசையை மாற்றுங்கள். மனுவின் பின்பக்கம் பெரிய எழுத்தில் ஐந்து வரி எழுதிக்கொள்ளுங்கள். இன்ன ஊர், இன்ன கிளை வாய்க்கால், இன்ன மண்டலம். இன்ன இடத்தில் வாய்க்கால் உடைந்திருக்கிறது. இந்தச் சுற்றில் வர வேண்டியது இத்தனை நாள், எங்கள் மடைக்கு வந்தது இத்தனை நாள். அடுத்த சுற்றுக்கு முன்னால் சரிசெய்து தர வேண்டும். எந்தத் தேதியில் ஆள் வருவார்கள்? கடைசி வரி கேள்வியாக இருக்கட்டும், ஏனென்றால் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உடைப்பைப் போனில் படம் எடுத்துப் பிரின்ட் போட்டு மனுவோடு சேர்த்துவிடுங்கள்.

மைக்கை ஊதவோ தட்டவோ வேண்டாம். வாய்க்கு நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். கிட்டே வைத்துக் கத்தினால் ஸ்பீக்கரில் இரைச்சல்தான் வரும், சொல் எதுவும் புரியாது. அந்த இரைச்சலுக்காகத்தான் உங்களை உட்கார வைக்கிறார்கள், கருத்துக்காக அல்ல. ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள், கூவும். ஆள்காட்டி விரலை அதிகாரியை நோக்கி நீட்டும் பழக்கம் கோபத்தில் எல்லோருக்கும் வரும், அந்தக் கையில் மனுவைப் பிடித்துக்கொண்டால் விரல் நீளாது.

ஐந்து வரி முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். பழைய கதை நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுங்கள். உட்காரவும் வேண்டாம், மைக்கைக் கொடுக்கவும் வேண்டாம். பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். அவர் தேதி சொன்னால் அதை மைக்கிலேயே திருப்பிச் சொல்லி, "இருபதாம் தேதிங்களா, சரிங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி உறுதி செய்து, மனுவின் நகலில் எழுதிக்கொண்டு அப்புறம் உட்காருங்கள்.